பாஸ்பேட்: ஒரே பெயர், பைக்குள் வேறு வேறு உப்பு

பேக்கரி சாமான் விற்கும் கடையில் ‘பாஸ்பேட்’ என்று கேட்டால் வெள்ளைத் தூள் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். மீன் உருண்டை போடுபவருக்கும் அதுதான், கோழி ஊறவைப்பவருக்கும் அதுதான், இறால் உரித்து விற்பவருக்கும் அதுதான். சதை தண்ணீரைப் பிடிக்கவில்லை, உருண்டை துள்ளவில்லை என்றால் அடுத்த முறை இன்னொரு கரண்டி கூடப் போடுவார்கள். பல நேரங்களில் கோளாறு அளவில் இருக்காது. பைக்குள் இருப்பது அந்த வேலைக்கான உப்பே இல்லை.

பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டுச் சோடியம் வைத்தால் மோனோசோடியம் பாஸ்பேட். அதன் 1% கரைசல் பி.எச். 4.5 அளவில் லேசான புளிப்போடு இருக்கும் (பி.எச். 7க்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் சோடா போன்ற காரம்). இரண்டை மாற்றினால் டைசோடியம் பாஸ்பேட், பி.எச். 9. மூன்றையும் மாற்றினால் டிரைசோடியம் பாஸ்பேட், பி.எச். 12. எண்ணெய்ப் பிசுக்குக் கழுவும் தூளில் சேர்ப்பதும் இந்த மூன்றாவதைத்தான். இவை எல்லாம் தனி அலகுகள்.

முதல் இரண்டையும் சூடேற்றி நீரை வெளியேற்றினால் அலகுகள் சரமாகக் கோத்துக்கொள்ளும். இரண்டு அலகு சேர்ந்தால் பைரோபாஸ்பேட். மூன்று சேர்ந்தால் டிரைபாலிபாஸ்பேட், எஸ்.டி.பி.பி. என்று கடையில் சொல்வது இதன் சோடியம் உப்பை. இன்னும் நீண்டால் பாலிபாஸ்பேட். அதில் கண்ணாடித் துண்டுபோல் வரும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில், பெயரைப் பார்த்து ஆறு அலகு என்று எண்ணவேண்டாம், பெரும்பாலும் அதைவிட நீளமான சரம்தான் இருக்கும். பொட்டலத்து எண்களும் இந்த வரிசைப்படிதான்: அமிலம் இ338, தனி அலகு உப்புகள் இ339 முதல் இ341 வரையும் இ343உம், பைரோ இ450, டிரைபாலி இ451, நீண்ட சரம் இ452.

எந்தப் பாஸ்பேட்டைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி போதும். புளிப்பா காரமா? சரம் எவ்வளவு நீளம்? தனி அலகின் முதன்மை வேலை பி.எச்.சைப் பிடித்து நிறுத்துவது, இறைச்சியில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. பைரோ இறைச்சிப் புரதத்தில் நேரடியாக வேலை செய்யும். இரும்பையும் தாமிரத்தையும் நன்றாகப் பிடிக்கும். நீண்ட சரம் கால்சியத்தைக் கவ்வும், ஆனால் புரதத்தோடு அதற்கு அவ்வளவு நெருக்கம் கிடையாது.

இறைச்சியில் என்ன நடக்கிறது?

உயிரோடு இருக்கும் தசையில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஆக்டின், மையோசின் என்ற இரண்டு புரத இழைகளையும் ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. வெட்டிய பிறகு ஏ.டி.பி. தீர்ந்துவிடும். இழைகள் இறுகப் பூட்டிக்கொள்ளும், தசை விறைக்கும். கூடவே லாக்டிக் அமிலம் சேர்ந்து பி.எச். 7இலிருந்து 5.5 - 5.9க்கு இறங்கும். இந்தப் புரதங்கள் மிகக் குறைவாகத் தண்ணீர் பிடிக்கும் இடம் பி.எச். 5.1 சுற்று. அதாவது கடைக்கு வரும் இறைச்சி, தண்ணீரை விட்டுவிடுவதற்கு மிகத் தோதான நிலைக்கு அருகிலேயே வந்து சேர்கிறது.

பைரோபாஸ்பேட், ஏ.டி.பி. செய்த வேலையைத்தான் மறுபடி செய்கிறது. உப்போடு சேர்ந்து பூட்டிய இழைகளைப் பிரிக்கிறது, மையோசின் கரைந்து வெளிவருகிறது, சூட்டில் அது கூழ்மமாக இறுகித் தண்ணீரை உள்ளே அடைத்துக்கொள்கிறது. ஜெர்மானியக் கசாப்புக்காரர்கள் வெட்டிய சூடு ஆறுமுன்பே இறைச்சியை அரைத்து சாசேஜ் போட்டதன் காரணமும் இதுதான். அந்த நேரத்தில் ஏ.டி.பி. இன்னும் உள்ளே இருக்கிறது, எதையும் சேர்க்கத் தேவையில்லை.

அப்படியானால் பைரோவையே நேராகப் போடலாமே? டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். எஸ்.டி.பி.பி. அதைவிட எளிது, பி.எச். 9.8 அளவு. இறைச்சிக்குள் போனதும் அங்குள்ள நொதியே அதை உடைத்துப் பைரோவாக்கிவிடும். ஆகவே இரண்டு மூன்று உப்புகளைக் கலந்து விற்பது வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை.

உப்பில்லாமல் பாஸ்பேட் மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். அளவு என்று வந்தால், முடிந்த பொருளின் எடையில் 0.3% நல்ல இலக்கு. அமெரிக்க விதியில் இறைச்சிக்கு உச்சம் 0.5%. ஐரோப்பாவில் கிலோவுக்கு 5 கிராம், ஆனால் அது பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. எஸ்.டி.பி.பி.யில் அதன் பங்கு சுமார் 58% என்பதால் தூள் கணக்கில் 8.6 கிராம் வரும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 0.5%ஐத் தாண்டினால் சவர்க்காரச் சுவை தட்டும், கடித்தால் ரப்பர்போல் இழுக்கும். சட்டம் தடுப்பதற்கு முன்பே நாக்கு தடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோ கோழி, ஊறி 12% எடை ஏறவேண்டும். உள்ளே போகும் கரைசல் 1.2 கிலோ, முடிவில் எடை 11.2 கிலோ. அதில் 0.3% பாஸ்பேட் என்றால் 34 கிராம். 1% உப்பு என்றால் 112 கிராம். மீதி ஏறக்குறைய 1.05 கிலோ தண்ணீர். கரைசலின் செறிவு பாஸ்பேட் 2.8%, உப்பு 9.3%. ஊசியில் ஏற்றினாலும் ‘டம்ளர்’ எனும் சுழலும் உருளை இயந்திரத்தில் போட்டாலும் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். வாளியில் மூழ்கவைப்பதானால் கரைசல் அதிகம் வேண்டும், செறிவு இதே. எவ்வளவு ஏறியது என்பதைக் கோழியை எடுத்து நிறுத்துத்தான் சொல்லமுடியும். குத்துமதிப்பு உதவாது.

கரைக்கும் வரிசை முக்கியம். முதலில் பாஸ்பேட், முழுதாகக் கரைந்த பிறகே உப்பு. உப்புத் தண்ணீரில் பாஸ்பேட்டைக் கொட்டினால் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். ஐஸ் தண்ணீரிலும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் நம் மலேசியாவில் 28 பாகை செல்சியஸ் அளவில் வருவதால் அதிலேயே கரைக்கலாம். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவவேண்டும், மொத்தமாகக் கவிழ்த்தால் கட்டிப்படும். பிறகு தண்ணீரில் ஒரு பங்கை ஐஸாகப் போட்டு 4 பாகைக்கு இறக்கிக்கொள்ளலாம். அந்த ஐஸையும் 1.05 கிலோவுக்குள் சேர்த்துக் கணக்கிடவேண்டும். சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களின் கிணற்றுத் தண்ணீரானால், பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கும். அந்த அளவு பாஸ்பேட் வீண்.

தண்டூரிக்காரர்கள் செய்யும் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. பாஸ்பேட் போட்ட அதே சட்டியில் தயிரையும் எலுமிச்சையையும் சேர்க்கிறார்கள். ஒரு கையால் ஏற்றிய பி.எச்.சை மறு கையால் இறக்குவதற்கு எதற்குக் காசு செலவு? புளிப்பு வேண்டுமானால் பாஸ்பேட்டை விட்டுவிடுங்கள். அல்லது முதல் நாள் கரைசலில் ஊறவைத்து, வடித்து, சுடுவதற்குச் சற்றுமுன் தயிர் மசாலா தடவுங்கள்.

பி.எச். ஏறிய கோழி, வெந்த பிறகும் எலும்போரம் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். இறைச்சிக்குச் சிவப்பு தரும் மையோகுளோபின் அந்த நிலையில் சூட்டுக்குச் சட்டென்று நிறம் மாறுவதில்லை. வேகவில்லை என்று நினைத்து மேலும் வறுத்தால், பிடித்துவைத்த தண்ணீர் எல்லாம் போய்விடும். நிறத்தைப் பார்க்காமல் வெப்பமானியைக் குத்திப் பார்க்கவேண்டும். நடுவில் 74 பாகை வந்தால் போதும்.

மீன் உருண்டை

மீனின் கதை கொஞ்சம் வேறு. அதன் பி.எச். ஏற்கெனவே 6.5 சுற்றி இருக்கும். ஏற்றுவதற்கு அதிகம் இல்லை, பைரோவின் வேலைதான் தேவை. தெங்கிரி, பாராங் போன்ற மீன் அன்றைக்கே வந்து, ஐஸில் கிடந்து, சதை உறுதியாக இருந்தால் பாஸ்பேட் இல்லாமலே நல்ல உருண்டை வரும். 2 - 2.5% உப்பும் குளிரும் போதும். உறைந்த மீனுக்குத்தான் அது கைகொடுக்கும். சுரிமித் தொழிற்சாலைகள், அதாவது மீன் சதையைக் கழுவி அரைத்துக் கட்டியாக விற்பவை, கட்டியை உறையவைக்குமுன் 4% சர்க்கரை, 4% சோர்பிட்டால், 0.2 - 0.3% பாலிபாஸ்பேட் கலப்பது பழைய வழக்கம். சுரிமியில் செய்பவர் மறுபடி ஒரு பங்கு பாஸ்பேட் போடுமுன் பெட்டியின் சீட்டைப் படிப்பது நல்லது.

பழக்கத்தில் உள்ள முறை இது. 10 கிலோ மீன் சதைக்கு 25 கிராம் பாஸ்பேட், எஸ்.டி.பி.பி.யும் டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட்டும் சரிபாதி. சிறிது தண்ணீரில் கரைத்துச் சதையில் ஊற்றி அரைக்கத் தொடங்கி, ஒரு நிமிடம் கழித்து 220 கிராம் உப்பு சேர்த்து, பசை பளபளத்து ஒட்டும்வரை அரைக்கவேண்டும். 1.5 - 2 கிலோ ஐஸ் தண்ணீரைப் பகுதி பகுதியாக விடலாம். பசை 10 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மையோசின் இயந்திரத்திலேயே கெட்டுவிடும், பாஸ்பேட் அதை மீட்காது. ஏற்கெனவே ஐஸ் பெட்டியில் பல மாதம் கிடந்து பஞ்சாகிப்போன மீனையும் அது மீட்காது. அரிசி மாவோ ஸ்டார்ச்சோ கடைசியில்தான்.

உருட்டிய பிறகு 40 பாகைத் தண்ணீரில் அரை மணி நேரம் விட்டால் பசை தானாகவே இறுகும். மீனில் உள்ள ஒரு நொதி புரதங்களைக் குறுக்காகத் தைக்கிறது. அந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும். பாஸ்பேட்டைக் கூடுதலாகப் போட்டால் கால்சியத்தை அது கவ்விக்கொள்ளும், தையல் நடக்காது, உருண்டை வழுவழுப்பாக இருந்தும் துள்ளாது. ‘இவ்வளவு போட்டும் துள்ளவில்லை’ என்று இன்னும் கொஞ்சம் போடுகிறவர்கள் சரியாக எதிர்த்திசையில் போகிறார்கள். நீண்ட சரம் கொண்ட ஹெக்சாமெட்டாவை இங்கே தவிர்ப்பதும் இதனால்தான். 40 பாகைக்குப் பிறகு நேராக 90 பாகைக்குப் போகவேண்டும். 50 - 60 பாகையில் தயங்கி நின்றால் மீனின் வேறொரு நொதி, தைத்ததை எல்லாம் அறுத்துவிடும்.

மஞ்சள் மீ நூடுல்ஸில் முதன்மையான காரம் சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள்தான். சிலர் கொஞ்சம் பாஸ்பேட்டும் கலப்பார்கள். உலோகங்களைப் பிடித்துவைப்பதால் மீ கருப்படிப்பது தள்ளிப்போகும்.

இறாலில் நடப்பது தொழிலும் உண்டு, ஏமாற்றும் உண்டு. உரித்த இறாலை 5 பாகைக்குக் கீழ் 2 - 4% எஸ்.டி.பி.பி. கரைசலில் அரை மணி நேரம் வைத்து உறையவைத்தால், உருகும்போது சாறு குறைவாக வடியும். அது நியாயம். இரவு முழுக்க ஊறப்போட்டு எடையைக் கூட்டுவது வேறு விஷயம். 1 கிலோ இறாலில் 120 கிராம் தண்ணீர் ஏறி, கிலோ 40 ரிங்கிட்டுக்கு விற்றால், வாங்குபவர் ஒவ்வொரு கிலோவிலும் 4 ரிங்கிட்டுக்கு மேல் தண்ணீருக்குக் கொடுக்கிறார். அடையாளம் கடினமில்லை. பச்சையாக இருக்கும்போதே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், விரலில் வழுக்கும். வாணலியில் போட்டதும் வெள்ளை நுரையோடு தண்ணீர் விட்டுச் சுருங்கும், சம்பால் நீர்த்துப்போகும்.

பேக்கிங் பவுடர்

இங்கே புளிப்புப் பக்கத்து உப்புகள். ஆப்பசோடாவோடு அமிலம் சேர்ந்தால் கரியமில வாயு வரும். எவ்வளவு வேகமாக வரவேண்டும் என்பதுதான் அமிலத்தைத் தேர்ந்தெடுக்கும். மோனோகால்சியம் பாஸ்பேட் மாவைக் கலக்கும்போதே பெரும்பகுதி வாயுவை விட்டுவிடும். சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட், சுருக்கமாக சாப், மெதுவானது. அதிலேயே 28, 40 என்று தரங்கள் உண்டு. எட்டு நிமிடத்தில் எத்தனை சதவீத வாயு வருகிறது என்பதே அந்த எண். சோடியம் அலுமினியம் பாஸ்பேட் அடுப்புச் சூடு ஏறும்வரை பெரும்பாலும் காத்திருக்கும். அலுமினியம் வேண்டாம் என்பவர்கள் இப்போது அதை ஒதுக்குகிறார்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மாவைக் கலந்துவைத்து மாலை முழுக்க ஆப்பம் பாலிக் ஊற்றுபவருக்கு வேகமான பவுடர் ஒத்துவராது. முதல் பத்து ஆப்பம் பூத்து வரும், பிறகு வருவதெல்லாம் தட்டையாக. அவருக்கு மெதுவான சாப்தான், அல்லது ஆப்பசோடாவைத் தனியாக வைத்துப் பகுதி பகுதியாகச் சேர்ப்பது.

அமிலத்தின் அளவைத் தீர்மானிப்பது அதன் நடுநிலையாக்கும் எண். 100 கிராம் அமிலம் எத்தனை கிராம் ஆப்பசோடாவைத் தீர்க்கும் என்பது அதன் பொருள். மோனோகால்சியத்துக்கு 80, சாப்புக்கு 72. வீட்டிலேயே 100 கிராம் பவுடர் கலக்க: ஆப்பசோடா 30 கிராம், மோனோகால்சியம் பாஸ்பேட் 10 கிராம் (இது 8 கிராம் சோடாவைத் தீர்க்கும்), மீதி 22 கிராமுக்கு சாப் 30.5 கிராம், ஈரம் இழுக்கச் சோள மாவு 29.5 கிராம். சோடா மிஞ்சினால் ஆவியில் வேகவைக்கும் பாவ் ரொட்டி மஞ்சள் புள்ளி விழுந்து, காரச் சுவை அடிக்கும். சாப் மிஞ்சினால் நாக்கில் உலோகக் கசப்பு நிற்கும். மோனோகால்சியத்தில் உள்ள கால்சியம் அந்தக் கசப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதும் இரண்டையும் கலப்பதற்கு ஒரு காரணம்.

பால் பக்கம் வந்தால் கால்சியம்தான் விவகாரம். ‘தே சி’ தேநீருக்கு ஊற்றும் டின் பாலை டின்னோடு 115 பாகைக்கு மேல் சூடேற்றுகிறார்கள். டைசோடியம் பாஸ்பேட் 0.1% அளவில் இல்லாவிட்டால் பால் டின்னுக்குள்ளேயே திரிந்துவிடக்கூடும். 3-இன்-1 காப்பியின் கிரீமரில் டைபொட்டாசியம் பாஸ்பேட் இருக்கும். காப்பியின் பி.எச். 5, பாலின் புரதமான கேசின் திரியும் இடம் 4.6. இரண்டும் நெருக்கம் என்பதால், புளிப்பைத் தாங்கிப்பிடிக்க ஒன்று இல்லையென்றால் காப்பியின் மேல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்.

ரொட்டி சானாயில் வைக்கும் சீஸ் துண்டு எண்ணெய் பிரியாமல் உருகுவதும் பாஸ்பேட்டால்தான். 1911இல் சுவிட்சர்லாந்தில் கெர்பரும் ஸ்டெட்லரும் சிட்ரேட் உப்பால் இதைத் தொடங்கினார்கள். பாஸ்பேட் பின்னால் சேர்ந்தது. 1 கிலோ செடாருக்கு 25 கிராம் டைசோடியம் பாஸ்பேட், 250 கிராம் தண்ணீர், 80 பாகையில் ஐந்து நிமிடம் கிளறினால் வழுவழுவென்று வரும். கேசினைக் கட்டிப்போட்ட கால்சியத்தைப் பாஸ்பேட் பிடுங்கிக்கொள்கிறது, விடுபட்ட கேசின் கொழுப்பைத் தாங்குகிறது. பி.எச். 5.4க்குக் கீழ் போனால் மணல்மணலாக உதிரும். அளவு மிஞ்சினால் ஆறிய பிறகு மேலே உப்புப் படிகம் பூக்கும். அதைப் பூஞ்சணம் என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. ஹெக்சாமெட்டாவை அதிகம் போட்டால் கெட்டியாகி, மறுபடி சூடுகாட்டினாலும் உருகாது.

வாங்கும்போது பையில் உணவுத் தரம் என்று இருக்கிறதா, உப்பின் முழுப்பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எஸ்.டி.பி.பி. சவர்க்காரத் தூள் தொழிலிலும் டன் கணக்கில் ஓடுகிறது. பாஸ்பேட் பாறையிலிருந்து வரும் ஆர்சனிக், ஈயம், புளூரைடு ஆகியவற்றுக்கு உணவுத் தரத்தில் வரம்பு உண்டு, தொழில் தரத்தில் அந்த உறுதி இல்லை. மலிவாக இருக்கிறதே என்று பெயரில்லாத பையை வாங்குவதைவிடப் பாஸ்பேட் போடாமலே விடலாம். நம் ஈரக் காற்றில் ஹெக்சாமெட்டா பிசுபிசுத்துப் பாறையாகும், எஸ்.டி.பி.பி.யும் கட்டிப்படும், இறுக்கமான மூடி போட்ட போத்தல்தான் இடம். ஒருமுறை இறைச்சி ஊறிய கரைசலை மறுமுறை பயன்படுத்தக்கூடாது.

உடம்புக்கு வருவோம். பாஸ்பரஸ் எல்லா உணவிலும் இருக்கிறது, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் தேவையும் படுகிறது. பருப்பிலும் தானியத்திலும் உள்ளது பைட்டேட் வடிவம், பாதிக்கும் குறைவாகத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். சேர்க்கையாகப் போட்ட உப்பு ஏறக்குறைய முழுதுமே ரத்தத்துக்குப் போய்விடும். 0.3% எஸ்.டி.பி.பி. உள்ள 100 கிராம் மீன் உருண்டையில் அதனால் மட்டும் 76 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வைத்த வரம்பு, எல்லா வழியிலும் வருவதைச் சேர்த்து, நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ்; 60 கிலோ ஆளுக்கு 2,400. நல்ல சிறுநீரகம் உள்ளவர் எப்போதாவது சாப்பிடும் உருண்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த வரம்பு சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்குப் பொருந்தாது என்று அந்த ஆணையமே சொல்கிறது. நீரிழிவால் டயலிசிஸுக்குப் போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் இது சிறிய அடிக்குறிப்பு இல்லை. அவர்களுக்கு ரத்தத்தில் தேங்கும் பாஸ்பேட் எலும்பை அரித்து, ரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியமாகப் படிகிறது.

பொட்டலத்தில் மில்லிகிராம் கணக்கை எதிர்பார்க்க முடியாது. ‘பெராப்பி மக்கானான் யாங் டிபெனார்கான்’ (அனுமதிக்கப்பட்ட உணவுப் பதமாக்கி) என்ற மலாய் வரியோடு பலர் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘பொஸ்பாட்’ என்ற சொல்லோ மேலே சொன்ன எண்களோ இருக்கிறதா என்று தேடவேண்டும். சாசேஜ், நக்கெட், மீன் உருண்டை, சீஸ் துண்டு, 3-இன்-1 இவற்றில் முதலில். சுவைபானத்தில் கறுப்புக் கோலாவுக்குத்தான் பாஸ்பாரிக் அமிலம். தெளிந்த எலுமிச்சை வகைகளில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும். உறைந்த இறைச்சியைச் சிறு துண்டாக்கித் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், பாஸ்பரஸில் ஒரு பங்கு அதோடு போகும். வறுத்தால் போகாது, குழம்பாக வைத்தால் எல்லாம் குழம்பிலேயே இருக்கும்.